வீட்டில் ஒரு வாசகர்: பிள்ளைகளுக்கு எழுத்தின்மேல் ஆசை வளர்ப்பது எப்படி?

"என் மகன் வாய் ஓயாமல் பேசுகிறான், நாலு வரி எழுதச் சொன்னால் மட்டும் வயிற்று வலி வந்துவிடுகிறது" என்று தண்டையார்பேட்டையில் எங்கள் தெருத் தாய்மார் சொல்வதைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். மாலை நேரங்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரை என் வீட்டு முன்னறையில் உட்காரவைத்து எழுதப் பழக்கி வருவதால், இந்தச் சிக்கலை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. பிள்ளை பேசும்போது எதிரே கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார், அவர் சிரிக்கிறார், வியக்கிறார், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்கிறார். எழுதும்போதோ, எழுதியதை வாங்கிப் பார்ப்பவர் பிழை எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் தேடுகிறார். கேட்க ஆளில்லாமல் யாராலும் நெடுநேரம் பேச முடியாது. படிக்க ஆளில்லாமல் குழந்தையால் எழுதவும் முடிவதில்லை. ஆகவே, பிள்ளைக்கு எழுத்தின்மேல் விருப்பம் வர வேண்டும் என்று நினைக்கும் பெற்றோர் முதலில் தாமே அந்த வாசகராக வேண்டும். கீழே சொல்லும் படிகள் எல்லாம் அதையொட்டியே அமைந்தவை. நான்கு வயது முதல் பதினொரு வயது வரையுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

முதலில் இடமும் பொருள்களும்

ஒற்றை அறையும் சமையற்கட்டும் மட்டுமே உள்ள வீடுகள் வடசென்னையில் ஏராளம். மேசை நாற்காலி இல்லையே என்று யாரும் தயங்க வேண்டியதில்லை. ஒரு பரீட்சை அட்டை, இரண்டு பென்சில், ஒரு ரப்பர், ஒரு துருவி, ஒரு பழைய பிஸ்கட் டின் ஆகியவை போதும். அந்த டின்னில் எழுதும் பொருள்களையும் எழுதி முடித்த தாள்களையும் போட்டு, பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்துவிடுங்கள். பள்ளி நோட்டை இதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பள்ளி நோட்டு ஆசிரியருடையது, இந்தத் தாள்கள் பிள்ளையுடையவை என்ற வேறுபாடு அவனுக்குத் தெரிய வேண்டும். தாளுக்குத் தனியாகச் செலவு செய்யவும் வேண்டாம். ஒரு பக்கம் அச்சான தாள்கள் ஜெராக்ஸ் கடைகளில் கிடைக்கும். மொத்தமாக வேண்டுமென்றால் பாரிமுனைக்குப் பக்கத்தில் ஆண்டர்சன் தெருவில் காகித வியாபாரிகள் வரிசையாக இருக்கிறார்கள். கேட்டுப் பார்த்தால் வெட்டி மிஞ்சிய தாள்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கக்கூடும்.

நேரத்தைப் பொறுத்தவரை, பத்து நிமிடம் போதும். ஆனால் அது ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஒரே வேளையில் அமைவது நல்லது. அந்தப் பத்து நிமிடமும் தொலைக்காட்சி அணைந்திருக்க வேண்டும், பெரியவர்களில் ஒருவராவது பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவரும் ஏதாவது எழுதிக்கொண்டிருந்தால், அது பால் கணக்காகவே இருந்தாலும், பிள்ளைக்கு அதைவிடப் பெரிய தூண்டுதல் வேறில்லை.

எழுத்துக்கு முன் விரல்கள்

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையின் விரல்களில் பென்சிலை நெடுநேரம் பிடிக்கும் வலு இருக்காது. இந்த வயதில் எழுதச் சொல்லி வற்புறுத்துவதைவிட, சப்பாத்தி மாவைப் பிசையவும், வாசலில் கோலப்புள்ளி வைக்கவும், உதிரிப் பூவைச் சரமாகத் தொடுக்கவும் விடுவது பயன் தரும். இவையெல்லாம் கட்டைவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் சேர்ந்து செய்யும் வேலைகள், பென்சில் பிடிப்பதும் அந்த மூன்று விரல்களின் வேலைதான்.

மணலில் விரலால் எழுதுவது நம் திண்ணைப் பள்ளிகளில் வழிவழியாக இருந்த முறை. 1789-இல் எழும்பூரில் இராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் இப்படி மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, தம் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். கற்ற பிள்ளை கல்லாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் சேர்த்துக்கொண்டார். பிற்காலத்தில் இங்கிலாந்தில் அது 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் பெற்றது. நம் ஊரிலிருந்து கடல் கடந்து போன அந்த முறையை நம் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுக்க ஒரு தாம்பாளமும் இரண்டு பிடி மணலும் போதும். திருவொற்றியூர்க் கரைக்கோ காசிமேட்டுப் பக்கமோ போகும் நாளில் ஈர மணலில் ஒரு குச்சியைக் கொடுத்துப் பாருங்கள். மணலில் எழுதிய பிழையை ஒரு தடவலில் அழித்துவிடலாம் என்பதால், அங்கே குழந்தைக்கு அச்சமே எழுவதில்லை. ட, ப, ம, ய போன்ற நேர்க்கோட்டு எழுத்துகளிலிருந்து தொடங்கி, வளைவும் சுழியும் நிறைந்த அ, இ, ஞ போன்றவற்றுக்குப் பிறகு வரலாம். வீட்டில் மூத்த பிள்ளை இருந்தால், சின்னதுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை அதனிடமே விட்டுவிடுங்கள். இருவர் எழுத்தும் சேர்ந்து திருந்தும்.

பிள்ளை சொல்ல, நீங்கள் எழுதுங்கள்

கை பழகுவதற்கு முன்பே மனத்தில் கதை வந்துவிடுகிறது. ஐந்து வயதுப் பெண் ஒருத்தி, தண்ணீர் லாரி வந்த காலையில் தெருவில் நடந்ததை மூச்சு விடாமல் சொல்லுவாள். அதை எழுதச் சொன்னால் 'லாரி' என்ற ஒரு சொல்லிலேயே நின்றுவிடுவாள். இந்த இடைவெளியை நிரப்புவது பெரியவரின் வேலை. அவள் சொல்லச் சொல்ல, அவள் சொன்ன சொற்களிலேயே, ஒன்றையும் மாற்றாமல் எழுதுங்கள். "அந்த அக்கா குடத்தை நட்டுனு வச்சிது" என்று அவள் சொன்னால் அப்படியே எழுதுங்கள். பிறகு விரலை வைத்து மெதுவாகப் படித்துக் காட்டுங்கள். தன் வாயிலிருந்து வந்த சொல் தாளில் நிற்பதையும், மறுநாள் படித்தாலும் அது மாறாமல் இருப்பதையும் குழந்தை முதன்முறையாகப் பார்க்கும்போது அதன் கண்களில் வரும் வெளிச்சத்துக்காகவே இந்தப் படியை யாரும் தாண்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சில வாரங்கள் கழித்துக் கடைசிச் சொல்லை அவளையே எழுதச் சொல்லலாம், பிறகு கடைசி வரியை. பாதிக்குப் பாதி என்றாகும் நாளில் பென்சிலை அவளே கேட்டு வாங்கிக்கொள்வாள்.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் தங்களால் இதைச் செய்ய முடியாது என்று எண்ணிவிடக் கூடாது. மூத்த பிள்ளையோ, பக்கத்து வீட்டில் கல்லூரிக்குப் போகும் பெண்ணோ எழுதிக்கொடுக்கலாம். அதைவிட முக்கியமான வேலை படிக்கத் தெரியாத பெற்றோருக்கு இருக்கிறது: பிள்ளை எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லி, முழுவதும் கேட்டு, ஒரு கேள்வி கேட்பது. தாம் அறியாத ஒன்றைப் பிள்ளையின் எழுத்திலிருந்து தெரிந்துகொள்ளும் பெற்றோரைவிட நல்ல வாசகர் பிள்ளைக்கு அமையமாட்டார். எங்கள் தெருவில் மீன் விற்கும் ஒரு தாய், கூடையை இறக்கிவைத்துவிட்டு மகள் எழுதியதைக் கேட்டபிறகுதான் முகம் கழுவப் போவார். அந்தப் பெண் இன்று என்னிடம் வரும் பிள்ளைகளில் மிக நீளமாக எழுதுபவள்.

எழுத்து யாருக்காவது போய்ச் சேரட்டும்

பிள்ளைக்கு எழுதத் தொடங்கியதும் வேலையுள்ள எழுத்தைக் கொடுங்கள். மளிகைச் சீட்டை அவனே எழுதட்டும். கடைக்காரர் அதைப் படித்துச் சரியான பொருளைக் கொடுக்கும்போது, தன் எழுத்து பருப்பாகவும் புளியாகவும் திரும்பி வருவதை அவன் காண்பான். 'உளுந்து' என்பதை 'உலுந்து' என்று எழுதியிருந்தாலும் பொருள் வந்துவிடும். அதைத் திருத்த அவசரப்பட வேண்டாம். இரவு ஷிப்டுக்குப் போகும் அப்பாவுக்குச் சாப்பாட்டு டப்பாவின்மேல் ஒட்ட ஒரு சீட்டு, வெளியூர் போகும் அத்தைக்கு ஒரு குறிப்பு என்று வீட்டிலேயே பத்து வாய்ப்புகள் இருக்கின்றன. இவற்றில் ஒரே ஒரு விதிதான் உண்டு: சீட்டைப் பெற்றவர் கட்டாயம் பதில் எழுத வேண்டும். இரண்டு சொல்லானாலும் போதும்.

ஏழு வயதுக்கு மேல் அஞ்சலட்டையைப் பழக்குங்கள். அஞ்சல் நிலையத்துக்குப் பிள்ளையை அழைத்துச் சென்று, அவன் கையாலேயே வாங்கச் சொல்லுங்கள். முகவரி எழுதுவது ஒரு தனிப் பாடம். பெயர், கதவு எண், தெரு, பகுதி, ஊர் என்று சிறியதிலிருந்து பெரியதற்குப் போவதும், கடைசியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண்ணை இடுவதும் பிள்ளைகளுக்கு வியப்பாக இருக்கும். 1972 ஆகஸ்ட் 15-இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டில் முதல் இலக்கமாகிய 6 தமிழ்நாட்டையும் கேரளத்தையும் உள்ளடக்கிய மண்டலத்தைக் காட்டுகிறது; 600 என்பது சென்னை; கடைசி மூன்று இலக்கங்கள் அஞ்சல் நிலையத்தைக் காட்டுகின்றன. ராயபுரம் 13, திருவொற்றியூர் 19, தண்டையார்பேட்டை 81 என்று பிள்ளைகள் இதை வாய்ப்பாடுபோலச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். ஊரில் இருக்கும் தாத்தாவுக்கோ ஆயாவுக்கோ முதல் அட்டை போகட்டும். அவர்களிடம் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லி, பதில் போடும்படி கேட்டுக்கொள்ளுங்கள். பதில் வராத முதல் கடிதம் பிள்ளையை மிகவும் வாட்டிவிடும்.

திருத்துவது எப்போது, எப்படி

பெற்றோர் பெரும்பாலும் தவறிப்போகும் இடம் இது, ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். என் மகன் மூன்றாம் வகுப்பில் படித்தபோது, ஒரு சொல்லைப் பிழையாக எழுதியதற்காக அதை நூறு முறை எழுதிவரும்படி பள்ளியில் சொல்லியிருந்தார்கள். எழுபதாவது முறைக்கு மேல் அவன் மீண்டும் பிழையாகவே எழுதியிருந்ததை நான் பார்த்தேன். கை ஓடிக்கொண்டிருந்தது, மனம் எப்போதோ விலகிப் போயிருந்தது. அதன்பிறகு ஏறக்குறைய ஓராண்டு அவன் தானாக ஒரு வரியும் எழுதவில்லை. எழுத்தைத் தண்டனையாக ஆக்கும் எந்தச் செயலையும் வீட்டிலாவது தவிர்த்துவிட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

பிழையைக் கண்டுகொள்ளாமல் விடுவதா என்று கேட்கலாம். அப்படியில்லை, வழியை மாற்றிக்கொள்கிறோம், அவ்வளவுதான். பிள்ளை எழுதித் தந்ததை முதலில் முழுவதும் படியுங்கள், பேனாவைக் கையில் எடுக்காமல் படியுங்கள். எழுத்தில் என்ன சொல்லியிருக்கிறானோ அதைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். பிறகு அந்தத் தாளின் அடியில் நீங்கள் ஒரு வரி பதில் எழுதுங்கள். அவன் "மளை பெஞ்சுது நான் நனஞ்சிட்டேன்" என்று எழுதியிருந்தால், "மழை பெய்தபோது நீ எங்கே நின்றுகொண்டிருந்தாய்?" என்று கேளுங்கள். சரியான வடிவம் அவன் கண்முன் இருக்கிறது. நீங்கள் அதைச் சுட்டிக்காட்டவில்லை. அடுத்த வாரமே 'மழை' திருந்திவிடும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன், ஆனால் சில மாதங்களில் பெரும்பாலான பிள்ளைகள் தாமாகவே திருத்திக்கொள்வதைக் கண்டிருக்கிறேன்.

எட்டு வயதுக்கு மேல் நேரடியாகவும் திருத்தலாம். அப்போதும் ஒரு நேரத்தில் ஒரு வகைப் பிழையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் ல, ள, ழ; அடுத்த மாதம் ர, ற; அதற்கடுத்து ந, ன, ண; பிறகு ஒற்று மிகும் இடங்கள். ஓசையில் வேறுபாடு தெரியாமல் எழுத்தில் வேறுபாடு வராது. ஆகவே 'பல்லி', 'பள்ளி' என்றும் 'கரி', 'கறி' என்றும் சோடி சோடியாகச் சொல்லிக் காட்டி, பொருள் எப்படி மாறுகிறது என்று பேசுங்கள். சிவப்பு மை வேண்டாம். அவன் தாளில் கோடு கிழிக்கவும் வேண்டாம். விளிம்பில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தால் போதும், அந்த வரியில் எங்கே பிழை என்பதை அவனே தேடட்டும்.

எங்கள் பகுதிக்கே உரிய இன்னொரு கேள்வியும் இருக்கிறது. வீட்டில் 'இன்னா', 'இட்டாந்தேன்', 'குந்து', 'நாஷ்டா' என்று பேசும் பிள்ளை அப்படியே எழுதினால் என்ன செய்வது? அந்தப் பேச்சைக் கொச்சை என்று சொல்லி அவமதிக்க வேண்டாம். அது அவன் தாயின் பேச்சு. கதைக்குள் ஒருவர் பேசுவதை மேற்கோள் குறிக்குள் வீட்டுப் பேச்சிலேயே எழுதலாம் என்றும், கதை சொல்பவரின் வரிகளை எல்லா ஊர்த் தமிழருக்கும் விளங்கும் எழுத்துத் தமிழில் எழுதலாம் என்றும் கற்றுக்கொடுங்கள். "'இன்னாத்துக்கு அழற?' என்று ஆயா கேட்டாள்" என்ற ஒரே வரியில் இரண்டு தமிழும் தத்தம் இடத்தில் நிற்கின்றன. பிள்ளைகள் இந்த வேறுபாட்டை வியக்கத்தக்க வேகத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசுபவர்கள், பிள்ளை தமிழுக்கு நடுவே அந்தச் சொற்களைக் கலந்து எழுதினால் தடுக்காமல், அவற்றுக்குப் பொருள் எழுதிச் சேர்க்கச் சொல்லலாம்.

எதைப் பற்றி எழுதுவது

'பசு', 'என் பள்ளி', 'மரம் வளர்ப்போம்' என்ற தலைப்புகளில் பிள்ளைக்குச் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. அவனுக்குத் தெரிந்தது அவன் தெருவில் இருக்கிறது. காசிமேட்டுப் பிள்ளையிடம் மீன் நோட்டு ஒன்றைத் தொடங்கச் சொல்லுங்கள்: ஒரு பக்கத்துக்கு ஒரு மீன், படம், பெயர், அன்றைய விலை, வீட்டில் எப்படிச் சமைத்தார்கள் என்று நான்கு வரி. வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, வவ்வால், கவளை என்று பக்கங்கள் நிரம்பும்போது, பெரியவர்களுக்கே தெரியாத செய்திகளும் அதில் சேரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாள் தடைக்காலம் கோடை விடுமுறையோடு சேர்ந்தே வருகிறது. அப்பா வீட்டில் இருக்கும் அந்த நாள்களில் வலை பின்னுவதையும் படகு பழுதுபார்ப்பதையும் பார்த்து நாளுக்கு இரண்டு வரி எழுதினால், விடுமுறை முடிவில் ஒரு முழு நாட்குறிப்பு கையில் இருக்கும். வியாசர்பாடிப் பிள்ளைக்குக் கால்பந்தும் கேரமும், பெரம்பூர்ப் பிள்ளைக்கு ரயிலும் அதேபோல் கைகொடுக்கும்.

ஒன்பது வயதுக்கு மேல் நேர்காணலைப் பரிந்துரைக்கிறேன். பிள்ளை ஐந்து கேள்விகளை முன்கூட்டியே எழுதிக்கொண்டு, வீட்டு முதியவரையோ தெருவின் தையற்காரரையோ கேட்டு, விடைகளைக் குறித்துக்கொண்டு வரட்டும். "நல்லா இருக்கீங்களா?" போன்ற கேள்விக்கு ஒரு சொல் விடைதான் வரும், "நீங்கள் சிறுவயதில் இந்தத் தெரு எப்படி இருந்தது?" என்றால் கதை வரும் என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிப்பான். ராயபுரம் ரயில் நிலையத்துக்கு ஒருநாள் அழைத்துச் செல்லலாம். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. அந்தத் தூண்களின் அடியில் நின்றுகொண்டு, முதல்நாள் வண்டியில் ஏறிய ஒருவர் தன் வீட்டுக்கு என்ன கடிதம் எழுதியிருப்பார் என்று கேட்டால் போதும். மீதியைப் பிள்ளை பார்த்துக்கொள்வான்.

சிறு புத்தகம் செய்வோம்

எழுதியவை சேரச் சேர, அவற்றைப் புத்தகமாக்கும் ஆசை வரும். ஒரே ஏ4 தாளில், தையலும் பசையும் இல்லாமல், எட்டுப் பக்கப் புத்தகம் செய்யலாம். தாளை நீளவாக்கில் ஒரு முறையும் குறுக்கே இரண்டு முறையும் மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டங்கள் தெரியும். பிறகு குட்டையான இரண்டு ஓரங்களும் ஒன்றுசேரும்படி பாதியாக மடித்து, மடிப்பு உள்ள பக்கத்திலிருந்து நடுக்கோட்டின் வழியே ஒரு கட்டத்தின் அகலத்துக்கு மட்டும் கத்தரிக்க வேண்டும். விரித்தால் தாளின் நடுவில் ஒரு பிளவு இருக்கும். இப்போது நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் பிடித்து உள்நோக்கித் தள்ளினால் பிளவு திறந்துகொள்ளும். பக்கங்களைச் சுற்றிப் படியவைத்தால் புத்தகம் உருவாகிவிடும். தாளின் ஒரு பக்கம் மட்டுமே வெளியே தெரியும் என்பதால், மறுபக்கம் அச்சான தாளையே இதற்குப் பயன்படுத்தலாம். அட்டையில் தலைப்பும் ஆசிரியர் பெயரும், பின்னட்டையில் விலையும் எழுதப் பிள்ளைகள் மறப்பதே இல்லை. அந்த விலையைக் கொடுத்து நீங்கள் ஒரு பிரதி வாங்குங்கள்.

கைபேசியைப் பற்றி ஒரு சொல். அதைப் பகையாக்க வேண்டியதில்லை. உறவினர் அனுப்பும் குரல் செய்தியைக் கேட்டு, அதன் சுருக்கத்தை எழுதச் சொல்வது நல்ல பயிற்சி. ஆனால் பத்து வயது வரையாவது முதல் எழுத்து தாளில் இருக்கட்டும்.

மறுத்தால்

தொடர்ந்து எழுத மறுக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லுமுன் உடலைப் பாருங்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் பிழை செய்தால், தாளை மூக்கருகே கொண்டுபோனால், கண் பரிசோதனை செய்ய வேண்டும். 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை நம் பகுதிக்கு மிகத் தொலைவில் இல்லை. இடது கையால் எழுதும் பிள்ளையை வலக்கைக்கு மாற்ற முயல வேண்டாம். தாளை உடலின் இடப்பக்கமாக வைத்து, மேல்பகுதியைச் சற்றே வலப்புறம் சாய்த்து, பென்சிலைச் சிறிது உயரத்தில் பிடிக்கப் பழக்கினால் எழுதியது கையால் மறையாது. எட்டு வயதுக்குப் பிறகும் எழுத்துகளைத் தலைகீழாகவோ இடம் மாற்றியோ எழுதுவது தொடர்ந்தால், வாசிப்பிலும் அதே தடுமாற்றம் இருந்தால், கற்றல் குறைபாடாக இருக்கலாம். பள்ளியில் சிறப்பாசிரியரைக் கேட்டு, மருத்துவரைப் பாருங்கள். அந்தப் பிள்ளைகளும் கதை சொல்லுவார்கள். பிள்ளை சொல்ல நீங்கள் எழுதும் முறையை அவர்களுக்கு நெடுநாள் தொடரலாம்.

எந்தத் தாளானாலும் வலது மேல் மூலையில் தேதி போடும் பழக்கத்தை முதல் நாளிலேயே ஏற்படுத்துங்கள். ஜூன் மாதம் புதிய வகுப்பு தொடங்குமுன் பிஸ்கட் டின்னைத் திறந்து, சென்ற ஆண்டுத் தாள்களைப் பிள்ளையோடு உட்கார்ந்து படித்தால், தன் கை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதை அவனே சொல்லுவான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எங்கள் தெரு வீடுகளில் தண்ணீர் புகுந்து, பிள்ளைகள் மூன்று ஆண்டுகளாகச் சேர்த்துவைத்திருந்த தாள்களில் பாதி கூழாகிவிட்டது. அன்றுமுதல் ஐப்பசி பிறக்குமுன் எல்லாத் தாள்களையும் பாலித்தீன் உறையில் இட்டு வாயைக் கட்டி, பத்திரங்களும் ரேஷன் கார்டும் இருக்கும் அதே பரணில் வைத்துவிடும்படி ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி வருகிறேன்.